போட்டோகிராஃபருக்குப் பெண் கொடுக்கலாமா? ஸ்டுடியோக்காரர் மனைவி ஒருத்தியின் பதில்

கேள்வி: தங்கைக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் கடலூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்துக் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று எடுக்கிறார். நல்ல குணம் என்கிறார்கள். மாதச் சம்பளம் இல்லாத வேலை, ராத்திரி பகல் தெரியாத அலைச்சல் என்று அப்பா தயங்குகிறார். இந்தத் தொழிலில் வருமானம் எப்படி, வீட்டு வாழ்க்கை எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, எனக்குக் கல்யாணமாகி 23 வருஷம் ஆகிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மாமனார் தொடங்கிய ஸ்டுடியோ எங்களுடையது. கேமரா வீட்டுக்காரர் கையில், கடை என் கையில். பாஸ்போர்ட் சைஸ் எடுப்பது, ஆல்பம் டிசைன் செய்வது, பாக்கி வசூலிப்பது எல்லாம் நான்தான். வளைகாப்பு, நலங்கு மாதிரி பெண்கள் கூட்டம் அதிகமுள்ள விசேஷங்களுக்கு நானே கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதம் எவ்வளவு வரும் என்று மட்டும் பையனைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது. கேட்டால் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவைப்பார், பாவம். அதற்குப் பதிலாக ஒரு நாள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிற மாதிரி அவர் ஸ்டுடியோவுக்குப் போய் உட்காருங்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கும். அதில் யாரும் வாங்கிப் போகாத ஆல்பம் எத்தனை அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். பேச்சுவாக்கில், "போன வைகாசியில எடுத்த கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் கொடுத்தாச்சா?" என்று கேளுங்கள். வருமானம், கடன், வாக்குச் சுத்தம் எல்லாமே அந்தப் பதிலில் வந்துவிடும்.

ஏன் என்றால், எங்கள் தொழிலில் பணம் மூன்று தவணையாக வருகிறது. தேதி பேசும்போது அட்வான்ஸ், கல்யாணத்தன்று ஒரு பங்கு, மீதி ஆல்பம் வாங்கும்போது. அட்வான்ஸ் பணம் கூட வரும் ஆட்களுக்கும் வண்டிக்கும் போய்விடும். கல்யாணத்தன்று கைக்கு வருவது ஆல்பம் பிரிண்ட் போடும் லேபுக்கும் கேமரா இஎம்ஐக்கும் சரியாக இருக்கும். வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்குவது அந்தக் கடைசித் தவணையில்தான். ஆல்பம் அலமாரியில் தூங்கினால் எங்கள் அரிசியும் அங்கேயே தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பம் தாமதமாவதற்கு எப்போதும் போட்டோகிராஃபரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. என் மாமனார் காலத்தில் யாஷிகா மேட் கேமரா. 120 என்கிற வகை ஃபிலிம் ரோல் ஒன்றில் 12 படம். மூன்று ரோல் எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்யாணத்தையே முடித்துவிட்டு வருவார். மொத்தம் 36 படம், அதில் யாராவது கண்ணை மூடியிருந்தால் மூடியதுதான். தேர்ந்தெடுக்கிற வேலையே கிடையாது. இப்போது மூன்று பேர் போய் நாலாயிரம் படம் எடுத்துவருகிறோம். கழிக்க வேண்டியதைக் கழித்து, ஒரு பென்டிரைவில் போட்டு, "ஆல்பத்துக்கு ஒரு முந்நூறு படம் டிக் பண்ணிக் கொடுங்க" என்று பெண் வீட்டில் கொடுப்போம். அங்கே தொடங்கும் வினை. பெண் பெங்களூரில், மாப்பிள்ளை துபாயில், அத்தை படம் விட்டுப்போனால் அத்தை பேசமாட்டார், சித்தப்பா இருக்கும் படத்தில் பெண்ணின் கண் பாதி மூடியிருக்கிறது. போன வருஷம் ஒரு வீட்டிலிருந்து பட்டியல் வந்தது பதினோராவது மாதம். கூடவே, "அக்கா, அப்படியே பாப்பாவுக்குப் பேர் வைக்கிற ஃபங்ஷனுக்கும் தேதி குறிச்சுக்குங்க" என்றார்கள்.

எங்கள் அலமாரியில் இப்போது வாங்கப்படாத ஆல்பம் ஏழு இருக்கிறது. அவற்றில் இரண்டு, பணம் இல்லாதவர்கள். ஒன்று, வெளிநாடு போய்விட்டார்கள். ஒன்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆறே மாதத்தில் பிரிந்துவிட்டார்கள். இரு வீட்டாரும் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத்தில் நாற்பது ஷீட், மேலே அவர்கள் இருவர் பெயரும் பொன் எழுத்தில். வேறு யாருக்கும் விற்க முடியாத சரக்கு உலகத்தில் இது ஒன்றுதான் என்று இவர் சொல்வார். ஏழு என்பது எங்கள் கடைக்குச் சமாளிக்கக்கூடிய எண்ணிக்கை. நீங்கள் போகிற கடையில் முப்பது நாற்பது இருந்தால், கூடவே கணினியில் டிசைன் ஆகாமல் இன்னும் அத்தனை காத்திருந்தால், அந்தப் பையன் புது அட்வான்ஸை வாங்கிப் பழைய ஆல்பத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இந்த ஊரில் நல்ல கைக்காரர்கள் சிலர் அப்படித்தான் மூழ்கினார்கள். படம் எடுக்கத் தெரியாமல் யாரும் மூழ்கவில்லை.

சரி, வருஷம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். எங்கள் வீட்டில் ஆங்கில மாதக் கணக்கே கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலும் இல்லை. ஆக வருஷத்தில் மூன்று மாதம் அடுப்பு மெதுவாகத்தான் எரியும். தை பிறந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. வைகாசி, ஆவணியும் அப்படித்தான். ஆவணி வளர்பிறை முகூர்த்தத்தில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயில் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரே நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடக்கும். கடலூரில் கேமரா வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள்.

அந்த மாதிரி நாளில் இவருக்கு அலாரம் இரண்டரை மணிக்கு. முதல் நாள் ராத்திரியே நான் பையைப் பிரித்து எண்ணிவிடுவேன். கேமரா இரண்டு, பேட்டரி ஆறு, ஃபிளாஷுக்குச் சார்ஜ் ஏற்றிய செல் பதினாறு, மெமரி கார்டு எட்டு, துடைக்க மெல்லிய துணி, ஒரு பாக்கெட் பிஸ்கட். பிஸ்கட் முக்கியம். நாலரை ஆறு முகூர்த்தம் என்றால் மாப்பிள்ளை நாலு மணிக்கே மணையில் உட்கார்ந்துவிடுவார். இடது பக்கம் ஒரு கல்யாணம், வலது பக்கம் ஒரு கல்யாணம், நடுவில் நம் கல்யாணம். மூன்று மேளமும் ஒரே சமயத்தில் வாசிக்கும்போது எந்தக் கெட்டிமேளம் நம்முடையது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. ஐயர் கையைத்தான் பார்க்க வேண்டும். அவர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்த நொடியிலிருந்து முதல் முடிச்சு விழும்வரை நாலைந்து நொடி இருக்கும். சரியாக அந்த நேரத்தில் மாமா ஒருவர் அட்சதை போட முன்னால் வருவார், பின்னாலேயே பத்து கைகள் செல்போனோடு உயரும். இவர் வழி என்னவென்றால், கூட்டத்திலேயே குரல் பெரிய மாமா யாரென்று முன்கூட்டியே பார்த்து, அவரிடம், "சார், நீங்கதான் கூட்டத்தைக் கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணணும்" என்று சொல்லிவைத்துவிடுவார். அந்த மாமா அப்புறம் மாப்பிள்ளையின் அப்பாவைக்கூட முன்னால் விடமாட்டார். இதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தருவதில்லை.

மண்டபத்து ரிசப்ஷன் வேறு மாதிரி தலைவலி. மேடை முழுக்க மலிவான எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது படம் பதியத் திறந்து மூடும் கதவின் வேகத்தை நூறில் ஒரு நொடிக்கு மேல் ஏற்றினால் பெண்ணின் முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஊதா விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து விழுந்தால் பட்டுப்புடவையின் நிறமே மாறிப்போகும். அரக்குப் புடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்தால் திட்டு டெக்கரேஷன்காரருக்கு இல்லை, எங்களுக்கு.

இப்போது அவுட்டோர் ஷூட் இல்லாத கல்யாணமே இல்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சாயந்திரம் கடலில் சூரியன் மறைகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று மாதம் ஒரு ஜோடியாவது கேட்கும். நம் கடல் கிழக்கே இருக்கிறது தம்பி. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் போய் மறையும். அந்தப் படம் வேண்டுமென்றால் காலை ஐந்தரைக்குத் தயாராகி வாருங்கள் என்றால் முகம் சுருங்கிவிடும். பாண்டிச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் கேட்பவர்களுக்கும் அதே விடியற்காலைதான். அங்கே கடற்கரைச் சாலையில் சாயந்திரம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். அந்த ஏழரைக்குள் முடித்தால் சாலை காலி, வெளிச்சமும் இதமாக இருக்கும். அதற்கு இங்கிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஆக, உங்கள் தங்கை கணவரோடு காலைக் காப்பி குடிக்க ஆசைப்பட்டால் அது ஆடி மாதத்தில் நடக்கும்.

வீட்டு வாழ்க்கை என்று கேட்டீர்களே. ஊரெல்லாம் விசேஷமாக இருக்கும் நாளில் இவர் வீட்டில் இருக்கமாட்டார், அவ்வளவுதான். நம் சொந்தத்தில் நல்லது நடந்தாலும் அதே முகூர்த்தத்தில்தானே நடக்கும். என் தம்பி கல்யாணத்துக்கு இவர் எப்படி வந்தார் தெரியுமா? கேமராவோடு. "வீட்டு ஆளு இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?" என்றார் என் பெரியப்பா. வேட்டி கட்டி மாப்பிள்ளைக்குத் துணையாக நிற்க வேண்டியவர் பேன்ட் போட்டு ஸ்டூல் மேல் நின்றார். அந்த ஆல்பத்தில் அவர் ஒரே ஒரு படத்தில் இருக்கிறார், அதுவும் கண்ணாடியில் தெரிகிற பிம்பம். இலவசமாக எடுத்தது போதாதென்று ஆல்பம் லேட் என்று அந்தப் பெரியப்பாவே குறையும் சொன்னார். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். முதல் விசேஷத்திலேயே, லேப் செலவாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் தங்கை சொல்லப் பழகிக்கொள்ளட்டும்.

சாப்பாடு கடைசிப் பந்தி. சில மண்டபங்களில் இலை தீர்ந்து, தட்டில் சாம்பார் சாதம் மட்டும் இருக்கும். சில வீடுகளில், "போட்டோக்காரருக்கு முதல்ல போடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைப்பார்கள். அந்த வீட்டுக் கல்யாணப் படங்கள் நன்றாக வந்திருக்கும், நான் கவனித்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் கழுத்தும் முழங்காலும் பேச ஆரம்பித்துவிடும். எட்டு மணி நேரம் இரண்டு கேமரா தோளில் தொங்கினால் வேறென்ன ஆகும்?

குழந்தைகள் விஷயத்தில் ஒரு கதை. மகள் நாலாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவுக்கு இவரைத்தான் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எனக்குச் சந்தோஷம், காசும் வந்தது, மகள் ஆட்டத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று. விழா முடிந்து பெற்றோர்கள் படம் பார்க்க வந்தார்கள். மொத்தம் அறுநூறு படம், அதில் நூற்றி நாற்பது எங்கள் மகள்! பின்வரிசையில் மரமாக நின்ற குழந்தைக்கு நூற்றி நாற்பது. மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

செலவுப் பக்கத்தையும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். இவர் வைத்திருக்கும் கேமரா, லென்ஸ் இல்லாமலேயே ஒவ்வொன்றும் ஒன்றரை லட்சத்துக்கு மேல், தூரத்திலிருந்து எடுக்கும் பெரிய லென்ஸ் அதற்கும் மேல். ஷட்டருக்கு இரண்டு லட்சம் கிளிக் ஆயுள் என்று கம்பெனி சொன்னால், எங்கள் கணக்கில் அது இரண்டு வருஷம்கூட முழுசாக வராது. இந்தக் கடற்கரை ஊரில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும், சிலந்தி வலை மாதிரி. ஒரு லென்ஸ் அப்படிப் போன பிறகுதான் ஈரம் உறிஞ்சும் பெட்டி வாங்கினோம். உள்ளே ஈரப்பதம் நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் நிற்கும். வீட்டில் ஏசி இல்லாத காலத்தில் கேமராவுக்குத் தனி அறை மாதிரி ஒரு பெட்டி இருந்தது. எனக்குக் கோபம்தான், ஆனால் வாங்கச் சொன்னதும் நான்தான்.

இயற்கையும் தன் பங்கைக் கேட்கும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தை மாசத்துக் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வைத்திருந்த நண்பர் கடையில் போய் பேட்டரி சார்ஜ் போட்டோம். 2020இல் பங்குனியில் ஊரடங்கு வந்து சித்திரை, வைகாசி அப்படியே போயிற்று. ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். அந்த ஐம்பதில் போட்டோகிராஃபரைச் சேர்க்கலாமா என்று யோசித்த வீடுகளும் உண்டு. ஒரு லென்ஸை விற்றுத்தான் அந்த வருஷம் பள்ளிக் கட்டணம் கட்டினோம்.

எங்கள் தப்பையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013இல் ஒரு முகூர்த்தத்தில் மெமரி கார்டு கெட்டுப்போனது. அப்போதைய கேமராவில் ஒரு கார்டுதான் போடலாம். தாலி கட்டிய படம் ஒன்றும் இல்லை. மென்பொருள் போட்டு மீட்டதில் ஹோமப் புகையும் பாதி கிழிந்த மாதிரி சில படங்களும்தான் வந்தன. இரண்டு நாள் இவர் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பழத்தட்டோடு இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். பெண்ணின் அப்பா கத்தித் தீர்த்தார், நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். வீடியோவிலிருந்து தாலி கட்டும் காட்சியை எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். சுமாரான படம்தான். அதற்கப்புறம் இரண்டு கார்டில் ஒரே சமயத்தில் பதிகிற கேமரா தவிர வேறு எதையும் கல்யாணத்துக்கு எடுத்துப்போவதில்லை. பையன் அப்படி வைத்திருக்கிறாரா, ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வைக்கிறாரா என்றும் கேட்டுப்பாருங்கள். கேட்டதும் எரிச்சல்படாமல் எடுத்துக் காட்டினால் நல்ல ஆள்.

சட்டத்தில் ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. "படம் எடுத்தது நான், உரிமை என்னுடையது" என்று நிறைய ஸ்டுடியோக்காரர்கள் வாடிக்கையாளரிடம் சண்டை போடுவார்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17 வேறு சொல்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால் நாங்கள் பில் புத்தகத்திலேயே இரண்டு வரி அச்சடித்து வைத்திருக்கிறோம், இன்ஸ்டாகிராமில் போடுவதற்குப் பெண்ணிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். பெண்ணிடம் என்றால் பெண்ணிடம், அவள் அண்ணனிடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு படித்துவிட்டு, அப்புறம் ஏன் இன்னும் கடையை இழுத்து மூடவில்லை என்று கேட்கலாம். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் எங்களைக் காப்பாற்றுவது மாலை போட்ட படங்கள்தான். காரியத்துக்கு முன்னால் வருவார்கள். கையில் வாக்காளர் அட்டை இருக்கும், அல்லது ஏதோ கூட்டத்தில் ஓரமாக நிற்கும் ஒரு படம். மீசை முளைத்ததிலிருந்து சட்டையே போடாத தாத்தாவுக்கு வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமும் போடச் சொல்வார்கள். கணினியில் தனியாக ஒரு ஃபோல்டர் நிறையச் சட்டை வைத்திருக்கிறேன். கூட்டுப் படத்திலிருந்து வெட்டும்போது தோள் மேல் இன்னொருவர் கை மட்டும் மிச்சமிருக்கும். அதை அழிப்பதுதான் கடினமான வேலை. இப்போது செல்போனில் தானாகவே முகத்தைத் தெளிவாக்குகிற செயலிகள் வந்துவிட்டன. அதில் போட்டு எடுத்துவந்து, "அக்கா, நல்லா பளிச்சுனு இருக்கு, ஆனா எங்க அப்பா மாதிரி இல்ல" என்பார்கள். இருக்காது. அது வேறு யாரோ. நான் பழையபடி கையால், மெதுவாக, இருப்பதைத்தான் சுத்தம் செய்வேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மார்கழி என்பதால் இவர் வீட்டில் இருந்தார். சுனாமி வந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா கடைக்கு வந்தார். மகள் போய்விட்டாள், வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. "நாலு வருஷம் முன்னால எங்க நாத்தனார் கல்யாணத்துக்கு நீங்கதான் வந்தீங்க, அதுல என் பொண்ணு சீர்த்தட்டு தூக்கிட்டு வருவா" என்றார். மாமனார் நெகட்டிவ்களைப் பிஸ்கட் டின்களில் போட்டு, மேலே தமிழ் மாதத்தையும் வருஷத்தையும் எழுதிவைப்பார். அன்று மதியம் தொடங்கி ராத்திரி வரை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள், அப்பாவும் மகனும். கிடைத்தது. தட்டுத் தூக்கிவரும் ஏழு பெண்களில் மூன்றாவது, முகம் துவரம்பருப்பு அளவு. பெரிதாக்கினால் பொரிப்பொரியாகத் தெரிந்தது. மறுநாள் அந்த அம்மா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "பொட்டு இன்னும் கொஞ்சம் பெருசா வைப்பா" என்றார். மாமனார் தொட்டு எழுதுகிற தூரிகையை எடுத்து, அங்கேயே, அவர் பார்க்கப் பார்க்கப் பொட்டைப் பெரிதாக்கினார். அந்த மாதத்தில் சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று இன்னும் பலர் வந்தார்கள். அந்த டின்கள் இன்றும் பரண் மேல் இருக்கின்றன. வீடு மாறும்போதெல்லாம் பாத்திரத்துக்கு முன்னால் அவைதான் வண்டியில் ஏறும்.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தண்ணீரில் நனைந்த பழைய போட்டோக்களை ஒட்டிக்கொண்ட நிலையில் காயவிடாதீர்கள், பிரிக்கும்போது முகம் கிழிந்துவிடும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். படம் மேலே பார்த்தபடி துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். இரண்டு நாளைக்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள், கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துவிடலாம்.

உங்கள் தங்கைக்கு வருவோம். அவள் வேறு வேலையில் இருந்தால் இருக்கட்டும், மாதச் சம்பளம் ஒன்று வீட்டில் இருப்பது ஆடி, மார்கழிக்கு நல்லது. கடையில் உட்கார விருப்பமிருந்தால் வேலை தாராளமாக இருக்கிறது. பெண் போட்டோகிராஃபர் வேண்டும் என்று இப்போது கேட்டுக் கூப்பிடுகிறார்கள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்யவும், வெட்கப்படுகிற பெண்ணைச் சிரிக்கவைக்கவும் ஒரு பெண் கூட இருந்தால் படம் தானாக வரும். கடையில் உட்கார்ந்தால் சில விஷயங்களில் அவளே ஒரு முடிவு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பெண்ணின் அம்மா ரகசியமாக வந்து, "கொஞ்சம் கலராக்கிக் கொடும்மா" என்பார். எங்கள் கடையில் பரு போகும், மச்சம் போகாது, நிறம் மாறாது. இதனால் இரண்டு மூன்று ஆர்டர் போயிருக்கிறது. மஞ்சள் நீராட்டு விழாவில் பன்னிரண்டு வயதுக் குழந்தையைக் கல்யாணப் பெண் மாதிரி போஸ் கொடுக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. நான் போனால் அவளை ஊஞ்சலில் தோழிகளோடு உட்கார வைத்து எடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்பாவிடம் என் கணக்கைச் சொல்லுங்கள்: வருஷத்துக்கு முப்பது நாற்பது கல்யாணம், கூடவே சின்ன விசேஷங்கள், கவுண்டரில் பாஸ்போர்ட் சைஸ். இதில் சொந்த வீடு கட்டியிருக்கிறோம், மகள் கல்லூரியில் படிக்கிறாள். நகைக்கடன் இல்லாத வருஷம் என்று ஒன்று இருந்ததில்லை, ஆனால் தையில் மீட்காமல் விட்டதும் இல்லை.

அலமாரியைப் பார்த்து, மனசுக்குச் சரி என்று பட்டுத் தேதி குறிக்கும் நிலைக்கு வந்தால், ஒரே ஒரு வேண்டுகோள். ஆவணி வளர்பிறையில் வைக்காதீர்கள். அவர் கூட்டாளிகள் எல்லாரும் நான் எடுக்கிறேன் என்பார்கள், அன்றைக்கு ஒருவர்கூட வரமுடியாது, எல்லாரும் திருவந்திபுரத்தில் நிற்பார்கள். தேய்பிறையில், புதனோ வியாழனோ ஒரு முகூர்த்தம் பாருங்கள். நண்பர்களில் ஒருவரை மட்டும் காசு கொடுத்து அமர்த்துங்கள். மற்றவர்கள் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையும் மணையில் உட்கார்ந்துகொண்டு, "அந்த லைட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளு" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படத்தில் இவர் கை நீட்டி எதையோ காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.